பேசாத கம்ப்யூட்டரும் ஆடி அழைப்பும்

ஜூன் 24, திங்கள்

பதினோரு வருடம் கழித்துப் புள்ளியெழுத்துக் குத்தும் பிரெய்ல் சிலேட்டைக் கையில் எடுத்திருக்கிறேன். தாள் இல்லை. பழைய காலண்டர் அட்டைகளில் குத்திக்கொண்டிருக்கிறேன், விரல் இப்போதே வலிக்கிறது. இத்தனை நாள் நாட்குறிப்பைக் கம்ப்யூட்டரில்தான் எழுதினேன். அது சனிக்கிழமையிலிருந்து வாய் திறக்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒரு மாதமாக 'டக், டக்' என்று தட்டிக்கொண்டிருந்தது. கண் தெரிகிறவர்கள் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். எனக்குப் பார்வை ஆறு வயதில் போனது. காதுதான் இரண்டு வேலையும் பார்க்கிறது. டிஸ்க் போகப் போகிறது என்று தெரிந்து புதிதாக எஸ்.எஸ்.டி. என்ற சத்தமில்லாத டிஸ்க் ஒன்று வாங்கினேன். சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து பழையதில் இருந்ததையெல்லாம் புதியதற்கு நகல் எடுத்தேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் 'முடிந்தது' என்றது. பழையதைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன், பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுற்றியது. ஒரு 'பீப்'. அப்புறம் ஒன்றுமில்லை. வழக்கமாக ஒரு நிமிடத்தில் குரல் வந்துவிடும். நான் இருபது நிமிடம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் சங்கடம் இதுதான். விண்டோஸ் முழுதாக எழுந்த பிறகுதான் குரல் எழும். எழுவதற்கு முன்னால் வரும் கோளாறு எதுவும் என்னிடம் பேசாது, திரையில் எழுத்தாகத்தான் நிற்கும். அதை யாரையாவது படிக்கச் சொல்லலாம் என்றால், வீட்டில் திரையே கிடையாது. மானிட்டரை ஐந்து வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். "குருடன் வீட்டுல கண்ணாடி எதுக்கு?" என்று நானே சொல்லிச் சிரித்தேன். என் அக்கா பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

ஜூன் 25, செவ்வாய்

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினாறு நாள் ஆகிறது. வயது நாற்பத்தாறு. மாப்பிள்ளை தனக்கோடி, கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர், மனைவியை இழந்தவர், ஒரு மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார். இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்தது. "தம்பிய யாரு பாத்துக்குவா?" என்று இரண்டையும் அக்காவே தட்டிவிட்டாள். அம்மாவும் அப்பாவும் போனபின் அவள்தான் எனக்குக் கண் என்று தெருவே சொல்லும். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அவளுடைய கண்ணை எனக்குக் கொடுத்துவிட்டால் அவள் எதை வைத்துப் பார்ப்பாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்த முறை நான் விடவில்லை. அக்கா எனக்கு ஒரு பரீட்சை வைத்தாள். ஒரு வாரம் அவள் எதையும் படித்துக் காட்டமாட்டாள். நானே சமாளிக்க வேண்டும். சமாளித்தேன். கரண்ட் பில், பேப்பர், ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் (நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன்) எல்லாவற்றையும் ஸ்கேனரில் வைத்துக் கம்ப்யூட்டரைப் படிக்கவைத்தேன். ஏழாம் நாள் அக்கா அடுப்படியிலிருந்து, "சரி, அவுகள வரச் சொல்லு" என்றாள். ஆக, அவள் கழுத்தில் தாலி ஏறியது இந்தப் பெட்டியை நம்பித்தான்.

ஜூலை பதினேழு ஆடி ஒன்று. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்து மாதம் முழுக்க வைத்திருக்க வேண்டும். பிறந்த வீடு என்று இப்போது இருப்பது நான் ஒருவன்தான். நானே கரூர் போய் அழைக்க வேண்டும். அவள் வரும்போது இந்தப் பெட்டி இப்படிக் கிடந்தால் திரும்பிப் போகமாட்டாள். ஆவணி பிறக்கட்டும், மழை விடட்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லி இங்கேயே தங்கிவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும்.

இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

ஜூன் 26, புதன்

பழைய டிஸ்க்கையே திரும்ப மாட்டிப் பார்த்தேன். பேசுகிறது! இரண்டு நிமிடம் இழுத்துக்கொண்டாலும் பேசிவிட்டது. 'டக், டக்' அதிகமாகியிருக்கிறது.

அக்கா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வாள். இன்றைக்குப் பொய் சொல்லாமல் பேச முடிந்தது. "கம்ப்யூட்டர் பேசுதாடா நாகு?" என்றாள். "வாய மூடவே மாட்டேங்குது" என்றேன்.

நகலை இன்னொரு முறை ஒழுங்காக எடுத்துவிட வேண்டும். இன்றே செய்யலாம்தான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

ஜூன் 28, வெள்ளி

பழைய டிஸ்க் போய்விட்டது. தட்டுவதையும் நிறுத்திவிட்டது.

ஜூன் 29, சனி

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். ஆட்டோக்காரர் நல்லவர், உள்ளே வரை தூக்கிவந்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. கடைக்காரர் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, எல்லாவற்றையும் ஆட்டோக்காரரிடமே கேட்டார். "இவருக்கு என்ன பிரச்சினையாம்?" "இவரு இத வச்சு என்ன பண்ணுவாரு?" ஆட்டோக்காரர், "எனக்கு என்னண்ணே தெரியும், சாரையே கேளுங்க" என்றார். அப்புறமும் கடைக்காரர் அவரிடமே, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாத்தான் ஓடும்னு சொல்லுங்க" என்றார்.

அழிப்பதாம். உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கமாக அக்கா திருப்பி வைக்க, நான் ஸ்கேனரை அழுத்தி, பதினோரு வருடமாகச் சேர்த்தவை. நானும் ஆட்டோக்காரர் பக்கம் திரும்பி, "சாருக்கு இஷ்டமில்லையாம்னு அவர்கிட்டச் சொல்லிருங்க" என்றேன். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். வரும் வழியெல்லாம் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆறு மணிக்கு அக்கா. "பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?" காலையில் வானொலியில் கேட்ட செய்திகளை வரிசை மாற்றிச் சொன்னேன். ராசிபலன் கேட்டாள். அதையும் ஒரு மாதிரி அடித்துவிட்டேன். கடக ராசிக்காரர்களுக்கு அலைச்சல் தீரும் என்றேன். அவள் கடக ராசி.

ஜூன் 30, ஞாயிறு

பக்கத்து வீட்டு வஹிதாம்மாவிடம் போய் நின்றேன். தையற்காரர், வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறார், தனியாகத்தான் இருக்கிறார். மகன் சவுதியிலிருந்து வந்தபோது பெரிய டிவி ஒன்றைச் சுவரில் அடித்துக் கொடுத்திருக்கிறான். அதைக் கழற்ற முடியாது. அதனால் பெட்டியை அவர் வீட்டுக்குத் தூக்கிப் போனேன், கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றேன். மெஷின் சத்தம் நின்றது. "நான் எதுக்குத் தம்பி சொல்லப் போறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மெஷின் மறுபடி ஓடியது.

டிவியில் ஒயரைச் சொருகி, பொத்தானை அழுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"கருப்பா இருக்கு. மேல ஒரு ஓரத்துல வெள்ளையா ஒரே ஒரு வரி."

"படிங்கம்மா."

"இங்கிலீசுல இருக்கு தம்பி. எழுத்துத் தெரியும், சேத்துப் படிக்கத் தெரியாது. நான் எட்டாப்பு."

"ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க, நான் சேத்துக்கிறேன்."

சொன்னார். என், ஓ, அப்புறம் கொஞ்சம் இடம், பி, ஓ, ஓ, டி... துணியில் குறி வைப்பது போல ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முழுதும் சேர்த்தபின் எனக்கு விளங்கியது. தொடங்குவதற்கு எந்தச் சாதனமும் இல்லை என்கிறது. அத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றுமே இல்லை என்று எப்படிச் சொல்கிறது?

ஜூலை 2, செவ்வாய்

பெலிக்ஸைக் கூப்பிட்டேன். நாகர்கோவிலில் வங்கியில் இருக்கிறான், பள்ளி விடுதியில் என்னோடு படித்தவன், அவனுக்கும் பார்வை கிடையாது. கம்ப்யூட்டரைப் பிரித்துக் கோர்ப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்.

"நகல் எடுக்கச்சே நீ எத்தன பெட்டிக்கு டிக் போட்டா?"

"மூணு. சி, டி, இ."

"பேரில்லாம ஒண்ணு இருந்திருக்குமே?"

இருந்தது. இப்போது ஞாபகம் வருகிறது. மற்ற மூன்றுக்கும் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் குரல் அடுத்ததைச் சொன்னது. அந்த ஒன்றுக்கு மட்டும் மொட்டையாக 'செக் பாக்ஸ், நாட் செக்டு' (டிக் போடாத கட்டம்) என்றது. கண் இருப்பவன் என்றால் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து அதுவும் டிஸ்க்கில் ஒரு பகுதி என்று கண்டுகொண்டிருப்பான். பெயரே இல்லாததைக் கொண்டுபோய் என்ன செய்ய என்று நான் தாண்டிப் போய்விட்டேன்.

"எடே, அந்த நூறு எம்.பி. சின்னத் துண்டு தாம்டே மத்தத எழுப்பி விடுகது. ஒம் புஸ்தகம், விண்டோசு எல்லாம் அது எழுப்பின பொறவு வேல பாக்குறவனுவோ. அத விட்டுட்டு மிச்சத்தயெல்லாம் கொண்டாந்தா எவன் எழும்புவான்? கொரல் சொல்லிச்சா இல்லியா?"

"சொல்லுச்சு."

"பொறவு?"

அன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை. அக்கா அந்தச் சனிக்கிழமை வருவதாக இருந்தது. தனக்கோடி மாமாவின் மகளுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. அவளுக்கென்று வாங்கிய வாழைப்பூவை என்ன செய்வது என்று தெரியாமல்தான் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெலிக்ஸிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

சரிசெய்யும் மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன் என்றான். வைக்கும்போது, "மொத நாளே கூப்பிட்டிருந்தா முடிஞ்சிருக்கும்லா? பத்து நாளு என்ன செஞ்சிட்டு இருந்தா?" என்று கேட்டான். வேலை அதிகம் என்றேன்.

ஜூலை 4, வியாழன்

ரசம் வைத்தேன். உப்பு போட்டோமா என்ற சந்தேகத்தில் இரண்டாம் முறையும் போட்டிருக்கிறேன். மோரை ஊற்றிச் சாப்பிட்டேன்.

பாடம் படிக்காமலே வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மனப்பாடத்தில் இருப்பது இத்தனை நாள் காப்பாற்றியது. இன்றைக்கு ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இத நேத்தே நடத்திட்டீங்க" என்றாள். திருப்புதல் என்று சமாளித்தேன். பள்ளிக் கம்ப்யூட்டரில் குரல் போட்டுத் தரச் சொல்லி விண்ணப்பம் கொடுத்து இரண்டு வருடமாகிறது.

அக்காவின் மெத்தை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டேன். தலையணையையும் மொட்டைமாடியில் வெயிலில் வைத்தேன். ஆடி மாதம் முழுக்க இருப்பாள் அல்லவா, தூசியாக இருந்தால் அவளுக்குத் தும்மல் வரும். ஆடிச் சீருக்குச் சேலையும் வாங்கிவிட்டேன், வஹிதாம்மா கூட வந்து தேர்ந்தெடுத்தார். கத்தரிப்பூ நிறம் என்றார். எனக்குத் தெரிந்தது, ஓரத்தில் சரிகை உறுத்தவில்லை என்பதுதான்.

ஜூலை 6, சனி

பென்டிரைவ் வந்துவிட்டது.

ஜூலை 7, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வஹிதாம்மா வீட்டில் கூடினோம். நான் கீபோர்டோடு தரையில், அவர் டிவிக்கு முன்னால் ஸ்டூலில், பெலிக்ஸ் போனில் ஸ்பீக்கரில். செய்யவேண்டியது தெரிந்த இரண்டு பேருக்கும் கண் தெரியாது. கண் தெரிந்தவருக்கு ஆங்கிலம் தெரியாது. முக்கால் மணி நேரத்தில் மூவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

வேலை என்னவோ சின்னதுதான். புதிய டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி, விட்டுப்போன அந்தப் பெயரில்லாப் பகுதியை அங்கே புதிதாக உண்டாக்க வேண்டும். ஆனால் பென்டிரைவும் ஒரு டிஸ்க்காகத்தான் வரிசையில் நிற்கும். எண் மாறினால், கட்டளை மாறினால், முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகமும் போய்விடும். கடைக்காரர் செய்யவிருந்ததை நானே செய்து முடித்திருப்பேன்.

"ரெண்டு வரி இருக்கு தம்பி. மொத வரியில சைபர், அப்புறம் நானூத்தி அறுவத்தஞ்சு. அடுத்த வரியில ஒண்ணு, அப்புறம் பதினாலு."

"நிச்சயமாம்மா?"

"இருபத்தஞ்சு வருசமா டேப் பாக்குற கண்ணு. நம்பர்ல தப்பு வராது."

சைபர் எண்ணில் நிற்கும் பெரியதுதான் என் டிஸ்க், ஒன்று பென்டிரைவ். பெலிக்ஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் அடித்தேன். குரல் இல்லாமல் அடிப்பது எனக்குப் பழக்கமில்லை, எதை அழுத்தினேன் என்று விரலுக்கே சந்தேகம் வருகிறது. கடைசிக் கட்டளை நீளமானது. அடித்து முடித்து என்டர் மேல் விரலை வைத்தபோது வஹிதாம்மா, "தம்பி, இருங்க, இருங்க!" என்றார்.

"என்னம்மா?"

"போன்ல அவர் சொல்லச் சொல்ல விரல்விட்டு எண்ணுனேன். இதுல ஒரு எழுத்து கூட இருக்கு. ரெண்டு ஓ வர்ற எடத்துல மூணு ஓ நிக்குது."

தைக்கிறவர் பட்டன் எண்ணுவது மாதிரி எண்ணியிருக்கிறார். "தப்பா அடிச்சா கம்ப்யூட்டர் புரியலன்னு சொல்லும், அவ்வளவுதான், பயப்படாண்டாம்" என்று பெலிக்ஸ் சொன்னான். இருந்தாலும் என்டரிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். திருத்தி அடித்தேன். கோப்புகள் எழுதப்பட்டன என்று ஒரு வரி வந்ததாம். எழுத்து எழுத்தாக அதைக் கேட்டபோது நான் பெலிக்ஸோடு சேர்ந்து கத்திவிட்டேன்.

பென்டிரைவை உருவிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். வெகுநேரம் போயிற்று. அப்புறம் வஹிதாம்மா மெதுவாக, "தம்பி, நீலக் கலராப் போச்சு. பெருசா ஒரு அழுவாச்சி மூஞ்சி போட்டிருக்கு" என்றார்.

நான் நம்பவில்லை. விளையாடுகிறார் என்றே நினைத்தேன். பெலிக்ஸ்தான், "உள்ளது தான் மக்கா, விண்டோசு எழும்ப முடியாட்டா அப்பிடி ஒரு படம் வரும்" என்றான். அப்போது அவன் மேலாளர் கூப்பிட, ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டேன் என்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே போனை வைத்துவிட்டான். இனி அடுத்த சனிக்கிழமைதான் அவனுக்கு நேரம்.

"அழுதுட்டுப் போவுது, விடுங்க தம்பி. சாப்ட்டுப் போங்க" என்றார் வஹிதாம்மா. நெய்ச்சோறும் தாளிச்சாக் குழம்பும். இரண்டு வாரத்தில் இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, புதன்

அக்காவிடம் இன்று அகப்பட்டுக்கொள்ள இருந்தேன். "நீ ஸ்கேன் பண்ணுன அந்தப் பெரிய புஸ்தகம், எத்தனாவது பக்கம் வந்திருக்க?" என்றாள். நூற்று நாற்பது என்றேன். "பரவால்லயே" என்றாள். போன் துண்டாகிவிட்டதோ என்று "அக்கா" என்றேன். "இருக்கேன்டா" என்றாள்.

ஒரு வாரம்தான் இருக்கிறது.

சில சமயம், இது சரியாகவில்லை என்றால்தான் என்ன என்று தோன்றுகிறது. இன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது தோன்றியது. உலகத்தில் எத்தனையோ வீட்டில் அக்காவும் தம்பியும் ஒன்றாக இருக்கிறார்கள். உடனே என்னை நானே திட்டிக்கொண்டேன். வாய்விட்டே திட்டியிருக்கிறேன் போல, பக்கத்தில் நின்றவர் "என்ன சார்?" என்றார்.

ஜூலை 13, சனி

பேசிவிட்டது!

பெலிக்ஸ் சொன்னபடி மூன்று முறை பாதியில் அணைத்து அணைத்துப் போட்டோம். நான்காம் முறை அதுவாகவே பழுதுபார்க்கும் பக்கத்துக்குப் போனது. வஹிதாம்மா படிக்கப் படிக்க, உள்ளே உள்ளே போய், பாதுகாப்பு முறையில் ஒருதரம் எழுப்பினோம். புதிய டிஸ்க்கை விண்டோஸ் அப்போதுதான் அடையாளம் கண்டுகொள்ளுமாம். அந்த முறையில் குரல் வராது. "மூலைக்கு மூலை ஏதோ எழுதியிருக்கு, நடுவுல கருப்பு" என்று வஹிதாம்மா சொன்னதை வைத்துத்தான் எழுந்துவிட்டது என்று தெரிந்தது. "இனி சாதாரணமாத் தொறந்து பாருடே" என்றான் பெலிக்ஸ்.

திறந்தேன். சத்தமே இல்லாமல் சுற்றியது. பழையது தட்டித் தட்டிப் பழகிய எனக்கு, இது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. திடீரென்று டிவியிலிருந்து, சீரியல் பார்க்கும் அளவுக்கு வைத்திருந்த சத்தத்தில், ஒரு ஆண்குரல் வரவேற்றது.

"யா அல்லா, யாருப்பா இந்த ஆளு!" என்று வஹிதாம்மா ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பெலிக்ஸ் போனில் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டும் இருக்கின்றன. ஏதோ ஒன்றை எடுத்து ஒரு பக்கம் படிக்கவிட்டேன். அந்தப் பக்கம் ஸ்கேன் செய்தபோது அக்காவின் விரலும் சேர்ந்து விழுந்திருக்கிறது போல, நடுவில் இரண்டு சொல் விட்டுப்போகிறது.

வஹிதாம்மா சர்க்கரை கொண்டுவந்து வாயில் போட்டார். நான் ஜெயித்துவிட்டேன். நாளை கரூர். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு நேற்றைய பழைய சோற்றைச் சாப்பிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

காலை பஸ்ஸில் கரூர் போனேன். மாமா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தார். கையைப் பிடித்து இழுக்காமல், தன் முழங்கையை என் கைக்குக் கொடுத்து நடந்தார். அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

வீடு சின்னதுதான். அக்காவின் கொலுசுச் சத்தம் எனக்குப் புதிது. இருபது வருடமாக அவள் கொலுசு போட்டதில்லை. தட்டில் சேலை, பழம், பூ, மஞ்சள் வைத்து முறையாகச் சொன்னேன்: "ஆடிக்கு அழைக்க வந்திருக்கேன். செவ்வாய்க்கிழமை கிளம்பி வந்திரு. மாசம் முழுக்க இருந்துட்டு ஆவணியில போகலாம்."

அக்கா சிரித்தாள். "ஏன்டா, ஆடியில புருசன் பொண்டாட்டியப் பிரிச்சு வைக்கிறதே சித்திரையில பிள்ள பொறந்திரக் கூடாதுன்னுதான். நாப்பத்தாறு வயசுல எனக்கு என்னடா சித்திரையில பிள்ள?"

மாமா சங்கடப்பட்டு இருமினார். எனக்கும் சிரிப்பு வந்தது. "அப்ப வரமாட்டியா?" என்றேன்.

"பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு ரெண்டு பேரும் வர்றோம். காலையில வந்துட்டு சாயங்காலம் திரும்பிருவோம். இவுகளுக்குப் பட்டறையில லீவு கெடையாது."

ஒரு நாள். மெத்தை விரிப்பைத் துவைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. "கம்ப்யூட்டர் நல்லா ஓடுது" என்று மட்டும் சொன்னேன், யாரும் கேட்காமலே. "தெரியும்டா" என்று சொல்லிவிட்டு அக்கா சாதம் வடிக்க உள்ளே போனாள்.

மாமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"மாப்ளே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கம்ப்யூட்டரு ஓடலைங்கறது எங்களுக்கு ஒண்ணாந்தேதியே தெரியுமுங்க. அந்த வஹிதாம்மா போன் போட்டுச் சொல்லிட்டாங்க. தெனமும் சொல்லுவாங்க. கருப்பா இருக்குது, நீலமா இருக்குது, அழுவுதுன்னு."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

"மூணு தடவ பையக் கட்டுனா உங்கக்கா. ஒருக்கா உங்கூருக்குன்னு திண்டுக்கல் பஸ்ல ஏறியே உக்காந்துட்டா. வண்டி எடுக்கறப்ப எறங்கி வந்துட்டா. நாந்தான் 'போ புள்ள, ரெண்டு நாளு இருந்துட்டு வா'ன்னேன். கேக்கவே இல்லைங்க. சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னால மூஞ்சியக் கழுவிட்டு வந்து உக்காருவா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வஹிதாம்மா மேல் இல்லை. அக்கா மேல். நான் உப்பு கரித்த ரசத்தைக் குடித்துக்கொண்டு கிடந்தது இவளுக்குத் தெரியும். தெரிந்தும் வரவில்லை. அவள் வரக்கூடாது என்றுதானே இத்தனை பாடும் பட்டேன், அப்புறம் ஏன் எனக்கு இவ்வளவு வலிக்கிறது? இத்தனை நாளும் வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். மாமாவின் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது எனக்கே விளங்கியது.

அக்கா இலையைப் போட வந்தாள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன்க்கா வரல?" என்றேன்.

அவள் இலையில் தண்ணீர் தெளித்தாள். "வந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"போயிருன்னு சொல்லியிருப்பேன்."

"பொய் சொல்லாத."

நான் இலை ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஒரு வார்த்த இருன்னு சொல்லியிருப்ப. நானும் இருந்திருப்பேன்டா நாகு. அதான் வரல."

அவள் குரல் உடையவில்லை. சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், அப்பளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொன்னாள். நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. நிறையச் சாப்பிட்டேன். கிளம்பும்போது அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள், பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை.

மாமா ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். வண்டி ஊரைத் தாண்டியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் தூசி என்று நினைத்துக்கொண்டு, "ஜன்னலச் சாத்தவா சார்?" என்று கேட்டார். சாத்துங்கள் என்றேன்.